ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்காமல் இன்ஜினை இறக்காதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே. அப்பா ஓட்டிய 1998 மாருதி 800, கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த வண்டி, சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் நிற்கிறது. ரயில்வே கேட்டிலோ கன்டெய்னர் லாரி நெரிசலிலோ மாட்டிக்கொண்டால் ஹீட் முள் ஏறுகிறது, வண்டி நகர ஆரம்பித்தால் இறங்குகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி திக்கிவிட்டுத்தான் இழுக்கிறது. பிரேக் போட்டால் இடது பக்கம் போகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு "போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறார். செலவு செய்வதா, காயலான் கடைக்குக் கொடுப்பதா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூட போர் போனதற்கான அடையாளம் இல்லை. போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்சுவர், ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். இரண்டும் தேய்ந்த இன்ஜின் நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும், மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். புகை பற்றியோ ஆயில் குறைவது பற்றியோ நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய வண்டியில் நாலு சின்னக் கோளாறு ஒன்றாகச் சேர்ந்தால் அதை ஒரே பெரிய கோளாறாகச் சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கார்புரேட்டரில் கை வைக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். நாலு இடத்தில் நின்று நிதானமாகத் தேடுவதைவிட மொத்தமாகக் கழற்றி மாட்டுவது அவருக்குச் சுலபம். ஆனால் ரீபோர் செய்து, அதாவது அந்தச் சுவரைக் கடைந்து, இன்ஜினை ஏற்றிய பிறகும் ஃபேன் சுற்றாவிட்டால் அதே ரயில்வே கேட்டில் வண்டி கொதிக்கத்தான் போகிறது.

ஹீட் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், இன்ஜினைக் கொல்லக்கூடியது அதுதான். எப்போது ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் காற்றுதான் போகவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, நெரிசலில் சும்மா இருந்து, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் ஏறுகிறது என்றால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் குழாய் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) என்று வேறு பக்கம் தேட வேண்டும். உங்களுடையது முதல் வகை.

மாருதி 800-இல் ஃபேன் கரன்ட்டில் ஓடுவது. தண்ணீர் சூடானதும் ஒரு தெர்மோ சுவிட்ச் அதை ஓட வைக்கும். வண்டியை வாசலில் ஸ்டார்ட்டில் விட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல், முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் ஃபேன் ஓட வேண்டும், பிறகு தானாக நிற்க வேண்டும். ஓடவில்லையா? வண்டியை ஆஃப் செய்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, தெர்மோ சுவிட்ச்சின் வயரைக் கழற்றுங்கள். ஒற்றை வயர் என்றால் அதை இன்ஜினில் சுத்தமான ஓர் இடத்தில் தொட்டுப் பாருங்கள். இரண்டு வயர் என்றால் இரண்டையும் ஒன்றோடொன்று சேருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. அது சின்னச் செலவு. ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, பிறகு மோட்டார். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்தும் சுற்றவில்லை என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இதைச் செய்யும்போது விரலை ஃபேன் பக்கம் கொண்டு போகாதீர்கள், சூடாக இருந்தால் எந்த நிமிடமும் ஓட ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுவார்கள். யாராவது எப்போதாவது ஃபேன் மோட்டாரை மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். பார்க்க நன்றாகத்தான் ஓடும். காற்றை இன்ஜின் பக்கம் இழுப்பதற்குப் பதிலாக முன்னால் தள்ளும், ஓடும் வண்டியின் எதிர்க்காற்றோடு மோதும். ஒரு பேப்பர் துண்டை முன் கிரில்லில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும், பறக்கக் கூடாது.

ஃபேன் சரியாக இருந்தால் ரேடியேட்டரின் தகடுகளைப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது தனி நோய். மெல்லிய தகடுகளை உப்பு தின்றுவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும், விரலால் தடவினால் பொடியாக உதிரும். தகடு போன ரேடியேட்டரில் எந்த ஃபேனைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. உதிரவில்லை, வெறும் தூசிதான் அடைத்திருக்கிறது என்றால் இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் வேகத்தில் நேராக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

உள்ளே என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர்வெல் தண்ணீர் என்றால் இன்றே நிறுத்துங்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். நம் பக்கத்தில் நிறைய போர்வெல் உப்புக் கரிக்கும். இந்த இன்ஜினின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம், உப்புத் தண்ணீருக்கு அது தாங்காது. டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் குளிர் நாட்டுக்குத்தானே, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அது துருவைத் தடுக்கும் மருந்து. ரேடியேட்டர் மூடியும் முக்கியம். 0.9 (பார் அழுத்தம்) என்று எழுதிய மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். சில நூறு ரூபாய்ப் பொருள், சந்தேகம் என்றால் மாற்றிவிடுங்கள். சூடான வண்டியில் மட்டும் அதைத் திறக்கவே கூடாது, துணி சுற்றியும் கூடாது.

அப்புறம் தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வருவதற்கே நேரம் ஆகும், அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் அதிகமாகும். நின்றால் சூடு ஏறும் உங்கள் கோளாறை அது தீர்க்கவும் தீர்க்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் திரும்பப் போடுங்கள்.

இவ்வளவு நாள் ஹீட் ஏறி ஏறி ஓடியிருப்பதால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு) சந்தேகிப்பது நியாயம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் விளிம்பு வரை இருக்கும்படி செய்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆரம்பத்தில் சில குமிழி வருவது உள்ளே மாட்டியிருந்த காற்று. விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது இன்னும் வேகமாக வந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். டிகாஷனில் பால் விட்ட நிறத்தில் ஆயில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்போது வண்டியை ஓட்டாதீர்கள். ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் ஹெட்டை மட்டும் கழற்றி, சமமாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் லேத்தில் லேசாகச் சீவி, புது கேஸ்கெட் போட்டால் போதும். முழு இன்ஜினையும் இறக்கத் தேவையில்லை.

போர் போய்விட்டதா என்று உண்மையாகவே தெரிய வேண்டுமானால் அதற்கு ஒரு சோதனைதான், கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று கேஜில் அளப்பது. கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். கேஜ் இல்லாமல் காதால் கேட்டு போர் போய்விட்டது என்பவரிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள். இன்ஜின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, இக்னிஷன் காயிலின் வயரைப் பிரித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, செல்ஃப் அடிக்க வேண்டும். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண் காட்டினால் நல்லது. ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல் (சதுர சென்டிமீட்டருக்கு) வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், போர். ஏறவே இல்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த எண்களைக் கண்ணால் பார்த்த பிறகு இன்ஜின் வேலை பற்றிப் பேசலாம். நீலப் புகையிலும் வேறுபாடு உண்டு. ராத்திரி முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு முறை நீலமாக விட்டு நின்றுவிட்டால் வால்வு சீல். அதற்கும் போர் வேலைக்கும் செலவில் பெரிய தூரம்.

காலை ஸ்டார்ட்டிங்குக்கு வருவோம். ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் அது இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறதா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. கடற்கரை ஊரில் இது மிகச் சாதாரணம். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினால் முடிந்தது. இந்த எர்த் கோளாறுக்காகப் புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் என்று வரிசையாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் "மழை பெய்த மறுநாள்" என்று சொன்னதுதான் எனக்கு முக்கியம். செல்ஃப் நன்றாகச் சுற்றி, வண்டி மட்டும் பிடிக்கவில்லை என்றால் ஈரம் ஏறிய இடத்தில் ஸ்பார்க் ஒழுகுகிறது. ராத்திரியில், தெரு விளக்கு எட்டாத இடத்தில், பானெட்டைத் திறந்து வண்டியை ஸ்டார்ட்டில் விட்டுப் பாருங்கள். பிளக் வயர் மேலோ டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பாகம்) மூடி மேலோ நீலமாக மின்மினி ஓடினால் அதுதான் குற்றவாளி. கை வைக்காதீர்கள், அடிக்கும். பகலில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பென்சில் கோடு போலக் கருப்பாக வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடி, ரோட்டர், வயர் செட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். சோக்கைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம், சென்னையில் அதற்கு வேலை குறைவு. ஒரு வாரம் எடுக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது கோளாறே இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகியிருக்கும், பம்ப் அதை மறுபடி நிரப்ப நேரம் எடுக்கும்.

மிதித்தால் திக்குவது பெரும்பாலும் கார்புரேட்டரின் ஆக்சிலேட்டர் பம்ப். சட்டென்று மிதிக்கும்போது காற்று முதலில் ஓடி வரும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சின்ன ரப்பர் டயாஃப்ரம் பெட்ரோலைப் பீச்சும். இன்ஜின் ஆஃப், ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கேபிளை இழுங்கள். மெல்லிய கோடாகப் பெட்ரோல் பாய வேண்டும். சொட்டினாலோ எதுவும் வராவிட்டாலோ டயாஃப்ரம் போய்விட்டது, ரிப்பேர் கிட் வாங்கிப் போடலாம். பக்கத்தில் சிகரெட், பீடி எதுவும் கூடாது.

பாய்கிறது, ஆனாலும் திக்குகிறது என்றால் வேக்குவம் ஹோஸ்களை (இன்ஜினின் உறிஞ்சு விசை போகும் ரப்பர் குழாய்கள்) பாருங்கள். 25 வருஷ ரப்பர் வளைத்தாலே வெடிப்பு தெரியும். ஐட்லிங்கில் இருக்கும்போது கார்புரேட்டர் அடிப்பக்கத்திலும் மேனிஃபோல்டு இணைப்புகளிலும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரை லேசாக அடியுங்கள், பிளக் வயர் பக்கம் படாமல். எந்த இடத்தில் அடித்தால் இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று திருடுகிறது. சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள், அது பைத்தியக்காரத்தனம். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸையும் கழற்றி வாயால் இழுத்துப் பாருங்கள். இழுத்தது நிற்க வேண்டும், சும்மா காற்று வந்துகொண்டே இருந்தால் அந்த டயாஃப்ரமும் கிழிந்திருக்கிறது.

இதில் பெட்ரோலின் பங்கும் இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் அதைத் தாங்கும்படி செய்தவை. உங்கள் வண்டி அதற்கெல்லாம் கால் நூற்றாண்டு மூத்தது. பழைய பெட்ரோல் ஹோஸ், டயாஃப்ரம், கேஸ்கெட் இறுகலாம், ஊறிப்போகலாம். டேங்க்கின் அடியில் ஒட்டியிருந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். அதோடு எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது, கார்புரேட்டருக்கு அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள், பிறகு கார்புரேட்டர் ட்யூனிங்கைக் கையில் எடுங்கள். இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகுவது விளையாட்டு இல்லை.

வேகமே எடுக்காமல் இழுவை மொத்தமாகச் செத்திருந்தால் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கட்டாயம். உங்களுடையதிலும் அது இருந்திருக்கும், இத்தனை வருஷத்தில் அடைத்தும் இருக்கலாம். நீங்கள் சொல்வது ஒரு நொடித் திக்கல்தான் என்பதால் இதைக் கடைசியில் பாருங்கள்.

பிரேக் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இடது பக்கம் இழுத்தால் இடது பிரேக்தான் கெட்டது என்று அர்த்தம் இல்லை, வலது பிரேக் பிடிக்காமலும் இருக்கலாம். கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு முன் சக்கரங்கள் இரண்டின் பக்கத்திலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். இடது மட்டும் சுட்டால் கேலிப்பர் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சிக்கியிருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்துப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. இரண்டும் சூடாக இல்லை என்றால் வலது கேலிப்பர் பிஸ்டனைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலைக் கூடவே மாற்றுங்கள், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்.

காசு செலவழிக்கலாமா என்ற கேள்விக்கு நான் இன்ஜினைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேன். வண்டிக்குள் கால் மிதியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். பானெட்டுக்குள் சஸ்பென்ஷன் வந்து மாட்டும் இரண்டு மேடை, ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, பின் சக்கரத்தின் மாட்டுமிடங்கள், இவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இரும்பு என்றால் டிங் என்று நிற்கும், உள்ளே போனால் பட்டியும் (ஓட்டையை மூடப் பூசும் பசை) பெயின்ட்டும்தான் வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. காந்தமும் பொய் சொல்லாது, பட்டி மேல் ஒட்டாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி தண்ணீரில் நின்றதா என்று வீட்டில் கேளுங்கள். நின்றிருந்தால் கார்பெட்டுக்குக் கீழே கட்டாயம் பார்க்க வேண்டும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். துருவின் மேலேயே கருப்புக் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், துரு உள்ளே வசதியாக வளரும். சஸ்பென்ஷன் மேடையே பொத்தலாகியிருந்தால் ஷீட் வெல்டிங் தெரிந்த நல்ல டிங்கரிடம் காட்டி விலை கேளுங்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகு காயலான் கடை பற்றி யோசிக்கலாம். மற்ற இடங்கள் கெட்டியாக இருந்தால் இந்த வண்டி இன்னும் ஓடும்.

பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. மாருதி 800 2014 வரை தயாரானது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்னும் பெரும்பாலானது புதிதாகவே கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர், சீட் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை நல்லது. ரப்பர், பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள். போகும்போது கழற்றிய பாகத்தைக் கையிலேயே கொண்டு போங்கள். கார்புரேட்டர் மாடலுக்கும் 2000 வாக்கில் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும்) மாடலுக்கும் கடைக்காரரே குழம்பிவிடுவார். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கு நினைவில்லை என்றால் அந்தப் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேன், பிரேக் இரண்டையும் இந்த வாரமே முடியுங்கள், கம்ப்ரஷன் எண் மூன்றும் கைக்கு வந்ததும் எழுதுங்கள்.